நாய்க்கு ஆபத்து வரும் முன்: முதன்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுச் செவலை ஒரு ஐப்பசி மழை இரவில் சாமான் அறைக்குள் புகுந்து எலிமருந்துக் கட்டியைக் கடித்துவிட்டாள். சிப்பிப்பாறை இனப் பெண் நாய். வாயோரம் ஒட்டியிருந்த நீலத் துணுக்கைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. மருத்துவரின் எண்ணைத் தேடிப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. போனை எடுத்த டாக்டர் மூன்றே கேள்வி கேட்டார். நாயின் எடை எவ்வளவு? என்ன மருந்து? எப்போது சாப்பிட்டது? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. எடை 20 கிலோ இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். மருத்துவமனைத் தராசு 16.5 காட்டியது. மருந்து வந்த அட்டைப்பெட்டியோ குப்பைக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது.

செவலை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிரவு சாலையில் போன நேரத்தைவிட வீட்டுக்குள்ளேயே நாங்கள் அலைமோதிய நேரம் அதிகம். தடுப்பூசிப் புத்தகம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. கார் சாவி ஒரு பக்கம், பெல்ட் ஒரு பக்கம். உயிரைக் காப்பது மருத்துவரின் வேலை. அவரிடம் நேரத்தோடும் சரியான தகவலோடும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. அதில் முக்கால்வாசியை ஒன்றும் நடக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்து வைத்துவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் நாயின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். நாய் வலியை மறைக்கும் பிராணி. அது சுகமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான், சுகமில்லாதபோது என்ன மாறியிருக்கிறது என்று கண்ணில் படும்.

எடையிலிருந்து தொடங்குங்கள். நாய்க்கான மருந்து பெரும்பாலும் கிலோ கணக்கு. வீட்டுத் தராசில் நீங்கள் தனியாக ஒருமுறை, நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை நின்று கழித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத பெரிய நாயை மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அங்கே நிறுத்திக் குறித்துக்கொள்ளலாம். குட்டியை வாரம் ஒருமுறையும் வளர்ந்த நாயை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும்.

அடுத்தது உடல் வெப்பம். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நமக்குக் காய்ச்சலாகிற அளவு அதற்குச் சாதாரணம். அதனால் தொட்டுப் பார்த்து ‘உடம்பு சுடுது’ என்பதற்கும், மூக்கு காய்ந்திருக்கிறது என்பதற்கும் பொருளே இல்லை. நாய்க்கென்று ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அதன்மேல் ‘நாய்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாய்க்குள் ஓர் அங்குலம் போல மெதுவாகச் செலுத்தி, சத்தம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். ஒருவர் தலையை அணைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலான நாய்கள் ஒத்துழைக்கும்.

மூச்சை நாய் தூங்கும்போது எண்ணுங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குங்கள். நல்ல தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குள் இருக்கும். தூக்கத்திலேயே அடிக்கடி 30ஐத் தாண்டினால் இதயமோ நுரையீரலோ சிரமப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நாடித்துடிப்பைப் பின்தொடையின் உள்பக்கம் விரல் வைத்துப் பார்க்கலாம். பெரிய நாய்களுக்குக் குறைவாகவும் சிறிய நாய்களுக்கு அதிகமாகவும் இருக்கும். பொதுக்கணக்கை மனப்பாடம் செய்வதைவிட உங்கள் நாய் ஓய்வாக இருக்கும்போது எவ்வளவு என்று எழுதி வைப்பதே பயன்படும்.

கடைசியாக ஈறு. என்னைக் கேட்டால், வீட்டில் இருப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய மிக முக்கியமான பரிசோதனை இதுதான். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெள்ளையாக இருந்தால் ரத்த இழப்போ சோகையோ அதிர்ச்சி நிலையோ இருக்கலாம். நீலம் பாய்ந்திருந்தால் ஆக்ஸிஜன் போதவில்லை. செங்கல் சிவப்பு என்றால் வெப்பத் தாக்கமோ ரத்தத்தில் நஞ்சேறியதோ. மஞ்சள் என்றால் கல்லீரலைப் பார்க்க வேண்டும், அல்லது ரத்தச் சிவப்பணுக்கள் அழிகின்றன. நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு இயற்கையாகவே கருப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

இரண்டாம் படி: எங்கே போவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

தடுப்பூசி போடும் டாக்டர் நல்லவராக இருக்கலாம், கைராசிக்காரராகவும் இருக்கலாம். இரவு 9 மணிக்கு அவர் கதவைப் பூட்டிவிட்டால் அந்த இரவுக்கு அவரால் உதவ முடியாது. எனவே மூன்று இடங்கள் வேண்டும். பகலில் போகும் இடம், இரவில் திறந்திருக்கும் இடம், இரண்டும் கைகொடுக்காவிட்டால் போகும் தூரத்து இடம்.

ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் போய் விசாரியுங்கள். போன் செய்தாலும் சரி. இரவில் மருத்துவர் அங்கேயே இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா? ஆக்ஸிஜன் இருக்கிறதா? எக்ஸ்ரே, ஸ்கேன் உண்டா? இரவு தங்க வைத்துப் பார்ப்பார்களா? அவசர அறுவை சிகிச்சை செய்வார்களா? பாம்புக்கடி முறிமருந்து இருப்பு வைத்திருக்கிறார்களா? தோட்டமும் வயலும் சூழ்ந்த வீட்டுக்காரர்கள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் அது இருக்காது. ‘24 மணி நேரம்’ என்று பலகையில் எழுதியிருப்பதை நம்பி நிற்காமல், ஒரு நாள் இரவு 11 மணிக்கு உண்மையாகவே போன் செய்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் பெரிய துணை. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குத் தூரத்து ஊர்களிலிருந்தும் நாய்களைக் கொண்டுவருகிறார்கள். நாய்களுக்கான ரத்த வங்கியும் அங்கே உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு எது பக்கம், இரவில் எந்த வாயில் திறந்திருக்கும் என்பதைக் கேட்டு வையுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கானது. அது முதன்மையாக ஆடு மாடுகளுக்காக வந்த சேவை. எண்ணைக் குறித்து வைக்கலாமே தவிர, உங்கள் திட்டம் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

தீபாவளி, பொங்கல் போன்ற தொடர் விடுமுறைகளுக்கு ஒரு வாரம் முன்பே யார் ஊரில் இருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி வண்டியில் அடிபடுவதும், இனிப்புகளைத் தின்று வயிறு கெடுவதும் அந்த நாட்களில்தான் அதிகம். மருத்துவமனைகள் மூடியிருப்பதும் அதே நாட்களில்தான். நாயின் கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் பொறித்த தகடு எப்போதும் தொங்கட்டும்.

மூன்றாம் படி: ஒரே தாள், ஒரே இடம்

ஒரு தாளை எடுங்கள். நாயின் பெயர், பிறந்த மாதம், ஆணா பெண்ணா, கருத்தடை ஆனதா, எடையும் அதைப் பார்த்த தேதியும், கடைசியாகப் போட்ட தடுப்பூசிகள், பழைய நோய்கள், இப்போது தரும் மருந்துகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இயல்பான வெப்பம், மூச்சு, நாடி. அதற்குக் கீழே மூன்று மருத்துவமனைகளின் பெயர், எண், வழி. நாய்க்குப் பழக்கமான உறவினர் ஒருவரின் எண்ணும் இருக்கட்டும்.

இதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். போனில் படம் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். தாத்தா பாட்டி மட்டும் வீட்டில் இருக்கும் பகல் பொழுதில்தான் பல விபத்துகள் நடக்கின்றன. அவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.

நான்காம் படி: முதலுதவிப் பெட்டி

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். பெரும்பாலானவை தெருமுனை மெடிக்கலில் கிடைப்பவை. தெர்மாமீட்டர், பஞ்சு, காஸ் துணிச் சுருள், நீளும் தன்மையுள்ள கிரேப் கட்டு, ஒட்டும் டேப், முனை மழுங்கிய கத்தரிக்கோல், உண்ணி எடுக்க ஒரு சாமணம், கையுறை, சிறிய டார்ச். காயம் கழுவ நார்மல் சலைன் பாட்டில் ஒன்றிரண்டு. வாய்க்குள் தண்ணீரோ மருந்தோ செலுத்த ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு. பொவிடோன் அயோடின் கரைசல், அதையும் பால் சேர்க்காத டீயின் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்துதான் பயன்படுத்த வேண்டும். பழைய துண்டு இரண்டு, கனத்த போர்வை ஒன்று, உபரி பெல்ட் ஒன்று, அளவான மஸில் (வாய்ப்பூட்டு) ஒன்று.

பெட்டிக்குள் என்ன இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். காய்ச்சல் என்றதும் நம் கை பாரசிட்டமாலுக்குப் போகும். நம் அளவில் கொடுத்தால் அது நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். வலிக்குத் தரும் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை குடலில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். நம் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு மாத்திரைகூட டாக்டர் சொல்லாமல் நாய்க்குப் போகக் கூடாது. ரத்தம் வந்தால் காப்பிப்பொடியை அப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நாய் அதை நக்கும், காஃபின் அதற்கு விஷம். மனிதர்களுக்கான கடுமையான கிருமிநாசினித் திரவங்களும் வேண்டாம்.

6 மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து காலாவதித் தேதிகளைப் பாருங்கள். ஆயுதபூஜை, சித்திரை முதல் நாள் என்று இரண்டு நாளை வைத்துக்கொண்டால் மறக்காது.

ஐந்தாம் படி: வண்டி, ஆள், பணம்

30 கிலோ லாப்ரடார் மயங்கிக் கிடக்கும்போது தனியாளால் மாடியிலிருந்து இறக்க முடியாது. போர்வையையோ கோரைப்பாயையோ விரித்து, நாயை அதன்மேல் இழுத்து, இரண்டு பேர் நான்கு முனையைப் பிடித்தால் இறக்கிவிடலாம். முதுகில் அடிபட்டிருக்கும் என்று தோன்றினால் பலகை வேண்டும். பக்கத்து வீட்டில் யார் உதவுவார் என்று முன்னமே பேசி வையுங்கள். நாய் என்றால் பயப்படுபவரைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டுப் பயனில்லை.

சொந்த வண்டி இல்லாதவர்கள் தெரிந்த ஆட்டோ அண்ணன் ஒருவரிடம், “ராத்திரி அவசரம்னா நாயை ஏத்துவீங்களா அண்ணே?” என்று கேட்டுச் சம்மதம் வாங்கி வையுங்கள். செயலியில் கூப்பிடும் வண்டிகள் நாயைப் பார்த்ததும் கிளம்பிவிடுவது உண்டு.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம். தயங்கக் கூடாது. தனியார் மருத்துவமனையில் அவசர அறுவை சிகிச்சையும் சில நாள் தங்கலும் சேர்ந்தால் பல ஆயிரம் ரூபாய் ஆகும், முன்பணமும் கேட்பார்கள். மாதம் ஒரு சிறு தொகையை நாயின் பெயரில் ஒதுக்கி வாருங்கள். இந்தியாவில் நாய்களுக்கான காப்பீடும் இப்போது கிடைக்கிறது. எந்த வயதுவரை சேர்ப்பார்கள், எந்த நோய்க்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், தடுப்பூசி போடாவிட்டால் தொகை மறுக்கப்படுமா என்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஆறாம் படி: நாயையும் பழக்குங்கள்

வலியில் இருக்கும் நாய், வளர்த்தவர் கையையும் கடிக்கும். அது துரோகமல்ல, வலி. அதனால் மஸிலை இப்போதிலிருந்தே பழக்குங்கள். அதற்குள் தயிரைத் தடவி, நாயே மூக்கை நுழைத்து நக்கட்டும். இரண்டு வாரத்தில் அதைப் பார்த்தால் வாலாட்டும். மஸில் கையில் இல்லாத நேரத்தில் காஸ் துணியையோ துப்பட்டாவையோ வாயைச் சுற்றி, தாடைக்கு அடியில் குறுக்கிட்டு, காதுகளுக்குப் பின்னால் முடிச்சுப் போடலாம். வாந்தி எடுக்கும் நாய், மூச்சுத் திணறும் நாய், பக் போன்ற சப்பை மூக்கு நாய் இவற்றுக்கு வாயைக் கட்டவே கூடாது.

தினமும் இரவு ஒரு நிமிடம் பாதங்களைத் தொடுங்கள், உதட்டைத் தூக்குங்கள், காதைப் பாருங்கள், வயிற்றைத் தடவுங்கள். பரிசோதனைக்கும் பழகும், உண்ணியும் கட்டியும் சீக்கிரம் கையில் தட்டுப்படும்.

ஏழாம் படி: எதற்கு ஓட வேண்டும், எதற்குக் காலைவரை காத்திருக்கலாம்

ஒரு வேளை சாப்பிடவில்லை, ஒருமுறை வாந்தி எடுத்தது, ஆனால் ஈறு நல்ல நிறத்தில் இருக்கிறது, வாலாட்டுகிறது, தண்ணீர் குடிக்கிறது. வளர்ந்த நாய் என்றால் இதற்குப் பதற வேண்டாம், கவனித்துக்கொண்டு காலையில் போகலாம்.

மூச்சுத் திணறல், மயக்கம், வெளுத்த அல்லது நீலம் பாய்ந்த ஈறு, நிற்காத ரத்தம், வண்டியில் அடிபடுதல், கண்ணில் காயம், முக்கியும் சிறுநீர் வராமை இவற்றுக்கு உடனே கிளம்ப வேண்டும். இவை பார்த்தாலே தெரிபவை. பார்த்தும் பிடிபடாமல் போகும் மூன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது. ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வரும். நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது. எச்சில் ஒழுகும், நிலைகொள்ளாமல் நடக்கும், வயிறு மத்தளம்போல் ஆகும். நம்மவர்கள் இதை ‘கேஸ்’ என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டும்.

இரண்டு, கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் பிடிப்பது. பருவம் வந்துபோன சில வாரங்களில் நாய் சோர்ந்து, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் சந்தேகப்படுங்கள். பிறப்புறுப்பில் சீழ் வடியலாம், வடியாமலும் இருக்கலாம். வடியாத வகைதான் இன்னும் ஆபத்து.

மூன்று, உண்ணிக்காய்ச்சல். நம் ஊர் வெயிலில் உண்ணி ஆண்டு முழுதும் இருக்கிறது. கடும் காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தடுப்பூசி முடியாத குட்டி, வாந்தியும் ரத்த நாற்றமுள்ள பேதியுமாகப் படுத்துவிட்டால் பார்வோ வைரஸ் தொற்று என்று எண்ணியே ஓடுங்கள். குட்டியின் உடல் ஒரே நாளில் வற்றிப்போகும்.

எட்டாம் படி: போகும்வரை என்ன செய்வது

வெப்பத் தாக்கம்: நாய்க்கு நம்மைப்போல உடலெல்லாம் வியர்க்காது, இரைப்பதுதான் அதன் குளிர்சாதனம். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கட்டிவைத்தாலோ, பூட்டிய காரில் விட்டாலோ, அது நிமிடங்களில் தோற்றுப்போகும். பக், ஷிட்ஸு போன்றவை இன்னும் சீக்கிரம். கடும் இரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், 104 டிகிரிக்கு மேல் வெப்பம் என்றால் முதலில் குளிர்ச்சி, பிறகுதான் பயணம். நிழலுக்குக் கொண்டுவந்து உடல் முழுதும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறியைப் போடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். 103க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு, கார் ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது பிறகுதான் தெரியவரும்.

விஷம்: சமையலறையிலிருந்து தொடங்கலாம். சாக்லேட், வெங்காயம், பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் எல்லாமே நாய்க்கு விஷம். திராட்சையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்டாரிக் அமிலம் என்று அமெரிக்க விஷமுறிவு மருத்துவர்கள் 2021இல் சுட்டிக்காட்டினார்கள். நம் வீட்டுப் புளியில் அந்த அமிலம் இன்னும் அதிகம். புளிப்பானையை எட்டாத இடத்தில் வையுங்கள். தோட்டத்தில் அரளி இதயத்தையும், அழகுக்கு வைக்கும் சைகஸ் கல்லீரலையும் தாக்கும். மழைக்காலத்தில் நாய் தேரையைக் கவ்வி நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயை நன்றாக அலசிவிட்டுக் கிளம்புங்கள்.

எலிமருந்தில் வகைகள் உண்டு. ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகையைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் துள்ளி விளையாடும், பிறகுதான் உள்ளே ரத்தம் கசியும். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டுவிடுபவர்கள் இங்கேதான் நாயை இழக்கிறார்கள். இதற்கு வைட்டமின் கே1 என்ற முறிமருந்து இருக்கிறது. செவலையைக் காப்பாற்றியது அதுதான். துத்தநாக பாஸ்பைடு வகையோ வயிற்றுக்குள் நச்சுவாயுவாக மாறும். அதைத் தின்ற நாய்க்குச் சோறு கொடுக்கக் கூடாது, காரில் கண்ணாடிகளை இறக்கி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் தாக்கும். வகை தெரிய வேண்டுமானால் உறை வேண்டும். எனவே வீட்டில் எந்தப் பூச்சிமருந்து வாங்கினாலும் அது தீரும்வரை உறையைத் தூக்கி எறியாதீர்கள், படமும் எடுத்து வையுங்கள்.

உப்புத் தண்ணீரை ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நம் ஊரின் பழைய வழக்கம். அந்த உப்பே ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கி நாயைக் கொல்லக்கூடும். சோப்புத் தண்ணீர், பச்சை முட்டை, எண்ணெய் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்திருந்தால் வாந்தி இன்னும் கேடு. வாந்தி எடுக்கவைக்க வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

பாம்புக்கடி: மோப்பம் பிடிக்கப் போன நாய்க்கு முகத்திலோ முன்னங்காலிலோதான் பெரும்பாலும் கடி விழும். கண்ணாடி விரியன் என்றால் வீக்கம், ரத்தக் கசிவு. நல்ல பாம்பு என்றால் வீக்கத்தோடு எச்சில் வடிந்து கால்கள் தளரும். கட்டு விரியன் கடித்த இடம்கூடத் தெரியாமல், நாய் மெல்ல மெல்லச் செயலிழக்கும். இந்த மூன்றுக்கும் சுருட்டை விரியனுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து உண்டு, அதுவே நாய்க்கும் போடப்படுகிறது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தின் பெரும்பகுதியை எடுத்துத் தருபவர்கள் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். அவர்கள் உழைப்பு உங்கள் நாய்க்குப் பயன்பட வேண்டுமானால் நேரத்தை வீணாக்காதீர்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பச்சிலை தேடிப் போகாதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் துரத்தவும் வேண்டாம். எட்ட நின்று படம் எடுக்க முடிந்தால் போதும்.

வலிப்பு: கையையோ கரண்டியையோ வாய்க்குள் விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது. இரும்புச் சாவியை வைப்பதாலும் பயனில்லை. சுற்றியுள்ள பொருட்களை நகர்த்தி, விளக்கைக் குறைத்து, நேரத்தைக் குறியுங்கள். ஒருவர் போனில் படம்பிடிக்கட்டும், டாக்டருக்கு அது பெரிய உதவி. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்தம்: சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்துங்கள், 5 நிமிடம் எடுத்துப் பார்க்கவே கூடாது. நனைந்தால் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். வேறு நாய் கடித்த காயம் என்றால் நீங்கள் கையுறை போட்டு, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஏற்கெனவே வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் மறுபடியும் போட வேண்டியிருக்கும். உங்களைப் பல் கீறியிருந்தால் நீங்களும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், இதில் நாளைக்கு என்ற பேச்சே இல்லை.

மூச்சு நின்றுவிட்டால்: கூப்பிட்டாலும் தட்டினாலும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நாயைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். லாப்ரடார் போன்ற உருண்டை மார்புக்கு விலாவின் அகலமான இடத்தில் அழுத்த வேண்டும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற ஒடுங்கிய மார்புக்கு முழங்கைக்குப் பின்னால், இதயத்துக்கு நேர்மேலே அழுத்த வேண்டும். மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 30 அழுத்தத்துக்குப் பிறகு வாயை மூடிப்பிடித்து மூக்கு வழியாக 2 முறை ஊதுங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், கை சோர்ந்தால் அழுத்தம் குறைந்துவிடும். கால்நடை மருத்துவர்களுக்கான ரிகவர் நெறிமுறை சொல்லும் கணக்கு இது. 2012இல் வெளியாகி 2024இல் திருத்தப்பட்டது. இதில் பிழைக்கும் நாய்கள் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் தொண்டையில் பந்து சிக்கி அப்போதுதான் மூச்சு நின்ற நாய்க்கு இதுவே வாய்ப்பு. வாயைத் திறந்து, தெரிந்தால் பந்தை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒன்பதாம் படி: மருத்துவமனை வாசலில்

கிளம்பும்போதே போன் செய்துவிடுங்கள். ‘16 கிலோ, பெண், 3 வயது, 20 நிமிடம் முன்பு எலிமருந்து, உறை கையில் இருக்கிறது’ என்று ஒரே மூச்சில் சொன்னால், நீங்கள் சேர்வதற்குள் அவர்கள் ஊசியை எடுத்து வைத்திருப்பார்கள். வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். என்ன கை மருந்து கொடுத்திருந்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். யாராவது திட்டுவார்களோ என்று தயங்குவதால்தான் பல நேரம் தவறான மருந்துமேல் மருந்து போகிறது.

வீட்டில் ஒருவர் மட்டும் டாக்டரிடம் பேசட்டும். என்ன சந்தேகப்படுகிறீர்கள், எந்தப் பரிசோதனை இப்போதே வேண்டும், எது காத்திருக்கலாம், செலவு எவ்வளவு ஆகும், பிழைக்கும் வாய்ப்பு என்ன என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கிளம்பும்போது எழுதித்தரும் மருந்துகளை எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எலிமருந்துக்கான வைட்டமின் கே1 மாத்திரை பல வாரம் தொடர வேண்டியிருக்கும். நாய் நன்றாக இருக்கிறதே என்று பத்தாம் நாள் நிறுத்தினால் ரத்தக்கசிவு திரும்ப வரும்.

இன்று மாலை இரண்டு வேலைகளை மட்டும் செய்யுங்கள். உங்கள் நாயை எடை பார்த்துத் தாளில் எழுதி ஒட்டுங்கள். இரவு 11 மணிக்கு, உங்களுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து, எடுக்கிறார்களா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் நாளைக் காலை வேறு இடத்தைத் தேடத் தொடங்குங்கள்.